எழுபத்து மூன்று கையெழுத்துகளும் ஒரு நடைபாதையும்

1

பொன்னி நகர் குடியிருப்போர் நலச் சங்கம் அனுப்பிய உறை பதினேழு நாள் பயணம் செய்து, ஒரு மூலை கிழிந்து, என் கைக்கு வந்து சேர்ந்தது. நான் புறப்பட்டபோது மெட்ராஸாக இருந்த ஊர், அனுப்புநர் முகவரியில் சென்னையாகியிருந்தது. மற்றபடி எதுவும் மாறவில்லை என்பது உறையைப் பிரித்ததும் தெரிந்தது. உள்ளே இருந்தவை:

அ) சங்கத்தின் பதினைந்தாம் ஆண்டு மலருக்கு "அயல்நாட்டு வாழ்க்கை" என்ற தலைப்பில் சில பக்கங்கள் எழுதித் தரும்படி செயலாளர் வரதராஜன் சாரின் வேண்டுகோள். "பனி, சாலை ஒழுங்கு, நேரந்தவறாமை ஆகியவற்றைத் தொட்டுச் சென்றால் இளைய தலைமுறைக்குப் பயனுள்ளதாக அமையும்."

ஆ) பாஸ்போர்ட் அளவு புகைப்படம் ஒன்று அனுப்பும்படி ஒரு வரி. புடவையில் இருந்தால் நலம்.

இ) என் பெயரில் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட ஒரு சான்றுக் கடிதம். கீழே புள்ளிக்கோடு, பின்னால் இணைப்பாக இரண்டாம் கட்ட வரைபடம். நான் செய்ய வேண்டியது கையெழுத்து மட்டும்.

மூன்றாவது தாளின் சாரம் இது. நம் ஏரியின் நடைபாதை இப்போது பாதி வட்டமாக நிற்கிறது. மக்கள் பங்கேற்புடன் நீர்நிலைகளை மேம்படுத்துவதற்கான வெளிநாட்டு நிதி இரண்டாம் கட்டமாக வரவிருக்கிறது. அது வந்தால் வட்டம் முழுமையடையும். முழுமையடைய வேண்டிய பாதியில் ஏரிக்கரைத் தெருவின் இருபத்தாறு வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்குத் "தகுந்த மாற்றிடம்" உண்டு. எங்கே என்பதற்கு அந்தத் தாளில் இடம் போதவில்லை போலும். முதல் கட்டத்தில் ஏரிக்கரைத் தெரு மக்கள் முழுமனதுடன் பங்கேற்றதை நான் நேரில் அறிவேன் என்றும், இரண்டாம் கட்டத்துக்கும் அவர்களுடைய ஒத்துழைப்பு உண்டு என்று சுற்றுச்சூழல் பொறியாளர் என்ற முறையில் உறுதி கூறுகிறேன் என்றும் அந்தத் தாளில் நான் சொல்லியிருந்தேன். நன்றாகவே சொல்லியிருந்தேன். நானே எழுதியிருந்தால் இரண்டு பிழையாவது இருந்திருக்கும்.

கட்டுரை இதோ. கையெழுத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2

முதலில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். பனி வெள்ளையாக இருக்கும். இரண்டாம் நாள் சாம்பல் நிறமாகும். மூன்றாம் நாள் அதை அள்ளாத வீட்டுக்கு அபராதம் வரும். சாலைகளில் ஒழுங்கு உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூரைப் பொங்கலுக்கு முந்தின நாள் பஸ்ஸில் கடந்தவர்களுக்கு அந்த ஒழுங்கு முதல் வாரம் பிரமிப்பாகவும் இரண்டாம் வாரம் தனிமையாகவும் இருக்கும். நேரந்தவறாமைக்கு ஓர் உதாரணம்: என் அலுவலகத்தில் ஒன்பது மணிக் கூட்டம் ஒன்பதுக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும். எதுவும் முடிவாகாது. நம் ஊரில் இதற்கு மூன்று மணி நேரம் ஆகும்.

நான் வேலை செய்வது ஒரு நடுத்தர நகரத்தில், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் ஒன்றில். யாராவது ஓரிடத்தில் குப்பைக் கிடங்கோ சாம்பல் மேடோ கட்ட விரும்பினால், அந்த இடத்து மண்ணையும் நீரையும் சோதித்து அறிக்கை தருவோம். அறிக்கையின் ஏழாம் அத்தியாயத்துக்குப் பெயர் "பொதுமக்கள் பங்கேற்பு". அந்த அத்தியாயம் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உயர் அதிகாரி டான் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "உனக்கு இதில் முன் அனுபவம் இருக்கிறதே" என்றார். இருந்தது.

இங்கே பாதிக்கப்படும் குடியிருப்புகளுக்கு அரசு நிதி உதவி உண்டு. தங்கள் பக்கத்து வாதத்தைச் சொல்ல அவர்களே ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ளலாம். கேட்கவே இனிக்கிறது. விண்ணப்பம் நாற்பது பக்கம். விண்ணப்பிக்கும் குழுவுக்குப் பதிவு எண்ணும் வரி எண்ணும் தணிக்கை அறிக்கைகளும் வேண்டும். எப்படி நிரப்புவது என்று சொல்லித்தரப் பயிற்சி வகுப்பு உண்டு, செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, புகையைச் சுவாசிப்பவர்கள் எல்லாரும் வேலையில் இருக்கும் நேரத்தில். தகுதி இருக்கிறவர்கள் தெருவில் புகை இல்லை. புகை இருக்கிற தெருவில் தகுதி இல்லை. ஆகவே நிதி ஆண்டுதோறும் பத்திரமாக இருக்கிறது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு கடிதத்தை "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடித்தேன். வரதராஜன் சாரின் மனுக்களைப் பிரதி எடுத்து வளர்ந்த கை அது. டான் அதைப் படித்துவிட்டு உண்மையான குழப்பத்துடன் கேட்டார்: "எது தேவை? யாருக்கு?" அரசாங்க மொழி பற்றி யாரும் என்னிடம் கேட்ட முதல் நியாயமான கேள்வி அது.

என் மகளுக்கு ஐந்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். போன மாதம் அப்பா அனுப்பிய புகைப்படத்தைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருந்தேன். நம் ஏரி நடைபாதையின் சிமெண்டு பெஞ்சில் அப்பா, குரங்குக் குல்லாயுடன், உட்கார்ந்திருக்கும் படம். அவள் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்குப் பின்னால் மேகம் ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது?" என்று கேட்டாள்.

அது மேகம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

3

மலரைப் புதிதாகக் குடிவந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன், கீழ்க்கட்டளையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே பதினைந்து நிமிடம் நடந்தால் பொன்னி நகர். வடகரையில் நாம். பாங்கிலும் ரயில்வேயிலும் தொலைபேசித் துறையிலும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள், ஒவ்வொன்றிலும் உப்புத் தண்ணீர் போர். தென்கரையில் ஏரிக்கரைத் தெரு. ஒரு சின்ன மாதா கோயில், ஒரு சின்ன அம்மன் கோயில், நடுவில் ஒரு கிணறு. பல்லாவரம் பக்கத்துத் தோல் கையுறைக் கம்பெனிகளுக்கும் கல் குவாரிகளுக்கும் போகிறவர்களின் தெரு அது. கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். நம் வீடுகளிலும் காபிக்கு அந்தத் தண்ணீர்தான். அங்கிருந்து ஒரு பெண் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவாள். நமக்குப் பெருமை, நம் வீட்டுக் காபி நன்றாக இருக்கும் என்று.

அந்த வருடம் ஏரிக்கு ஒரு திட்டம் வந்தது. வடகரையில் நடைபாதை, பெஞ்சு, விளக்கு. தென்கரைப் புறம்போக்கில் சுற்று வட்டாரக் குப்பை முழுவதையும் கொட்டும் "திடக்கழிவு சேகரிப்பு மையம்". நிதி கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: மக்களைக் கேட்க வேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில், மக்களைக் கேட்பதாக அறிவிப்பு வந்தது.

அப்போது நான் பொறியியல் முடித்து, வேலைக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் நேரம் நிறைய. குப்பைமேடு வரப்போகும் இடத்துக்கும் கிணற்றுக்கும் இடையே நாற்பது அடிதான் என்று டேப் பிடித்து அளந்தேன். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நீல மையில் அம்புக்குறி போட்டு வரைபடம் வரைந்தேன். வரதராஜன் சார் மெச்சினார். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். எதற்கும் கோப்பு வைத்திருப்பார். சொந்தப் பெண் கல்யாணத்துக்கே "பார்வை: தங்கள் கடிதம்" என்று போட்டுச் சம்பந்திக்கு எழுதியவர் என்று சொல்வார்கள்.

"மேப் எல்லாம் ஓகேம்மா. ஆனா கவர்மெண்ட்ல தலை எண்ணிக்கைதான் பேசும்" என்றார். "எவ்ளோ பேர் வந்தாங்கன்னு ரிஜிஸ்டர் காட்டணும். அந்த வேலைய நீ எடுத்துக்கோ. உன் ரூலிங் நீட்டா இருக்கும்."

எடுத்துக்கொண்டேன். ஃபுல்ஸ்கேப் தாளில் நான்கு கட்டம் போட்டேன்: வரிசை எண், பெயர், தெரு, கையெழுத்து. மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டேன்.

"தலைப்பு என்ன சார் எழுதறது?"

"அது ஆபீஸ் ஃபார்மட்ல இருக்கணும். அப்புறமா டைப் அடிச்சு ஒட்டிக்கலாம். நீ பேர வாங்கிண்டு வா."

வரிசை எண் ஒன்றில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

4

நான்கு நாள் ஏரிக்கரைத் தெருவில் சுற்றினேன். கூட்டத்தன்று வாசலில் நெரிசல் கூடாது என்பதற்காக முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடும் யோசனை என்னுடையது. திறமையான யோசனை. கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் டோக்கன். டோக்கனைக் காட்டினால் ஞாயிற்றுக்கிழமை ஒரு டீயும் போண்டாவும்.

எல்லாரும் போட்டார்கள். ரோசம்மா அக்கா போடவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். நமக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெண் அவர்தான். அதற்கு முன்பு கையுறை தைக்கும் கம்பெனி ஒன்றில் இருந்தவர். அன்று கிணற்றடியில் குடம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா இஞ்ஜினியரம்மா, வெயில்ல சுத்திகினு கீறே. ஓட்டு கேக்க வந்தியா?"

"இல்லக்கா. ஞாயித்துக்கெழமை மீட்டிங். குப்பைமேடு வேணாம்னு சொல்றதுக்கு. எல்லாரும் வரணும்."

"வர்றேன். குப்ப வேணாம்னு சொல்றதுக்கு மேள தாளமா வேணும்?"

"இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி எல்லாப் பெயரையும் படித்தார். பிறகு மேலே பார்த்தார்.

"தலையில ஒண்ணியும் எழுதலயே."

"அது அப்புறம் டைப் அடிச்சு ஒட்டுவாங்கக்கா. சும்மா, வந்தீங்கன்னு ஒரு அடையாளத்துக்கு."

"நான் இன்னும் வரவேயில்லயே."

பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "போடுக்கா, போண்டா போயிடப் போவுது" என்றாள்.

"ஒரு போண்டாவுக்குக் கெணத்த எழுதிக் குட்த்துருவியா நீ?" என்று அவளைக் கேட்டுவிட்டு என்னிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கோச்சுக்காத பாப்பா. கிளவுஸ் கம்பெனில இப்டித்தான் வெள்ளப் பேப்பர்ல வாங்கினாங்க. போனஸுக்குன்னாங்க. நாலு மாசம் கழிச்சுப் பாத்தா, நானே வேலய வுட்டு நின்னுக்கறேன்னு எழுதிக் குட்த்த லெட்டரு அது. எவ்ளோ அழகா எழுதியிருந்தாங்க தெரியுமா? குடும்ப சூழ்நிலைன்னு போட்டிருந்துச்சு. படிச்சா எனக்கே அழுவ வந்துச்சு."

"இது அந்த மாதிரி இல்லக்கா. நம்ம சங்கம்."

"தலைப்ப எழுதிகினு வா. போடறேன்."

நியாயமான கோரிக்கை. அதை நிறைவேற்ற ஐந்து நிமிடம் போதும். என் கையிலேயே பேனா இருந்தது. ஆனால் அலுவலக வடிவத்தில் டைப் அடிக்க வேண்டிய தலைப்பைக் கையால் எழுதித் தாளைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து என் நோட்டில் எழுதினேன்: கையெழுத்து 73. ஒத்துழைக்காதவர் 1.

5

மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணம். மணமக்களின் பெயர்கள் தெர்மோகோல் எழுத்துகளாக மேடையில் பளபளத்தன. எழுத்துகளுக்குக் கீழே, மணமக்களின் சிம்மாசன நாற்காலிகளிலேயே இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் இரைச்சலான மின்விசிறி. அவர்கள் பக்கத்தில் மைக். இரண்டில் மைக்தான் அடிக்கடி நின்றது.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். பேசிய அத்தனை பேரும் குப்பைமேடு வேண்டாம் என்றார்கள். நம் நகரிலிருந்து ஐந்து பேர், "எங்களுக்கு இல்லை சார், அந்தப் பாவப்பட்ட ஜனங்களுக்காகச் சொல்கிறோம்" என்று தொடங்கி, கொசு, நாற்றம், மனை விலை என்று வரிசையாகப் போய் முடித்தார்கள். நான் வரைபடத்தை விரித்தேன். மூத்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"ரொம்ப நீட்டா இருக்கும்மா. எந்தக் காலேஜ்?"

சொன்னேன். சபை கைதட்டியது. அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில், டோக்கன் இல்லாததால் டீ வரிசையில் நிற்காத ஒரே ஆள், பின் சுவரோரமாக நின்றபடி குரல் கொடுத்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். குப்ப கொட்ற எடத்துக்கும் எங்க கெணத்துக்கும் நாப்பது அடி. மழ பேஞ்சா அந்தத் தண்ணி எங்க போவும்? நீங்கோ அந்தத் தண்ணிய குடிப்பீங்களா?"

இளைய அதிகாரி என் பதிவேட்டை எடுத்து விரலால் மேலிருந்து கீழே தேடினார்.

"உங்க பேர் என்னம்மா?"

"ரோசம்மா."

"ரிஜிஸ்டர்ல இல்லையே."

"கையெழுத்து போடல சார். தலைப்பு எழுதல அதுல."

"அப்போ இத மினிட்ஸ்ல ஏத்த முடியாதும்மா. ரிஜிஸ்டர்ல இருக்கறவங்க பேசினாத்தான் கணக்கு."

"நின்னுகினு பேசறது கண்ணுக்குத் தெரியலயா சார்?"

"தெரியுதும்மா. ரெக்கார்ட்ல தெரியாது."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து நிற்கவும் இல்லை. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதே என்றுதான் நினைத்தேன்.

6

இரண்டு வாரம் கழித்து வரதராஜன் சார் வீட்டுக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போனேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழக உதவித்தொகை விண்ணப்பத்தில் "சமூகப் பங்கேற்பு அனுபவம்" என்று ஒரு பகுதி இருந்தது. அதற்காகக் கேட்டிருந்தேன். சார் உள்ளே போனார். மேசைமேல் கோப்பு திறந்திருந்தது. என் நான்கு கட்டத் தாள்கள். நான் விட்ட இரண்டு அங்குலத்தில், அளவு பிசகாமல், டைப் அடித்த ஒரு துண்டு ஒட்டியிருந்தது:

"ஏரி மேம்பாட்டுத் திட்டத்தை வரவேற்று, அதன் அனைத்துக் கூறுகளுக்கும் ஒத்துழைப்பு நல்க முன்வந்து பங்கேற்ற பொதுமக்கள்."

பசை இன்னும் காயவில்லை.

"சார், இந்தத் தலைப்பு..."

"பாத்தியா? அதாம்மா விஷயம். ஆட்சேபணைன்னு போனா ஃபண்டு மார்ச்சோட லாப்ஸ் ஆயிடும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நமக்கு நடைபாதையும் போச்சு, பெஞ்சும் போச்சு. குப்பை எப்படியும் வரத்தான் போறது."

"ஆனா அவங்க வேணாம்னு சொல்லத்தானே சார் வந்தாங்க."

"வந்தாங்களா இல்லையா? கலந்துண்டாங்களா இல்லையா? பெரிய காரியத்துல ஒவ்வொரு வார்த்தையா நோண்டிண்டு இருக்கப்படாது. இந்தா, உன் சர்டிபிகேட். நல்லா ஸ்ட்ராங்கா போட்டிருக்கேன்."

படித்தேன். "எழுபத்து மூன்று பேரின் பங்கேற்பைத் தனியொருவராக ஒருங்கிணைத்தவர்" என்று இருந்தது. உண்மை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மாமி கொடுத்த காபியையும் குடித்தேன். ரோசம்மா அக்கா அன்று காலை ஊற்றிவிட்டுப் போன தண்ணீராக இருக்கும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

நடைபாதை வந்தது. பெஞ்சுகள் வந்தன. ஒவ்வொரு பெஞ்சிலும் "மக்கள் பங்கேற்புடன்" என்று பொறித்திருக்கிறது. முதுகு சாய்ந்தால் மறைந்துவிடும் உயரத்தில்.

தென்கரையில் லாரிகள் வந்தன. கொட்டிய குப்பை இரவும் பகலும் புகைந்தது. முதல் மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது. இரண்டாம் மழைக்காலத்தில் நாறியது. அதற்குப் பிறகு கம்பி வலை போட்டு மூடிவிட்டார்கள். ஏரிக்கரைத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி. நம் வீடுகளில் கேன் தண்ணீர்.

ரோசம்மா அக்கா மனு போட்டார். அவருக்குப் பதில் வந்தது. அதைத் தெருவில் ஒவ்வொருவரிடமும் காட்டி, அப்பாவிடமும் காட்டினாராம். "கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தாங்கள் கலந்துகொண்டதற்குப் பதிவு ஏதும் இல்லாததால் தங்கள் ஆட்சேபணையைப் பரிசீலிக்க இயலாது" என்று இருந்ததாக அப்பா எழுதியிருந்தார். மற்றவர்கள் போட்ட மனுவுக்கும் பதில் வந்தது: தாங்கள் ஏற்கெனவே சம்மதித்துவிட்டீர்கள். கையெழுத்துப் போட்டவர்கள் ஒப்புக்கொண்டவர்கள். போடாதவர் வராதவர். இவ்வளவு ஓட்டையில்லாத ஒரு படிவத்தை நான் இந்த நாட்டிலும் பார்த்ததில்லை. அதை வடிவமைத்தவள் நான்.

எனக்கு உதவித்தொகை கிடைத்தது. முழுக் கட்டணம். எழுபத்து மூன்று பேர் பங்கேற்றதில் ஒருவருக்காவது நிதி சரியாகப் போய்ச் சேர்ந்தது.

7

உறை வந்த அதே வாரம் எனக்கு இங்கே ஒரு கருத்துக்கேட்பு இருந்தது. ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் குப்பையை லாரிக்கு லாரி மாற்றி ஏற்றும் நிலையம் வரப்போகிறது. ஊரிலேயே அங்கேதான் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. மூன்றாவதற்கும் அதே இடம் பொருத்தமானது என்று எங்கள் அறிக்கையின் நான்காம் அத்தியாயம் காட்டுகிறது. அனுபவமுள்ள இடம் என்று சொல்லவில்லை. மற்ற எல்லாம் சொல்லியிருக்கிறோம்.

பள்ளிக்கூட உடற்பயிற்சி அறை. இங்கே போண்டா இல்லை. காபியும் பிஸ்கெட்டும். பேச ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. முன்னேறிய நாடு.

வாசலில் மேசை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் தாள்: எண், பெயர், தெரு, கையெழுத்து. பச்சை மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றில் துப்புரவுப் பணியாளர் என்பதைச் சட்டைப் பையில் தொங்கிய அட்டை சொன்னது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டுத் தாளின் மேல்பக்கத்தைப் பார்த்தார்.

"இது எதற்கு?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை, நீங்கள் வந்தீர்கள் என்று ஓர் அடையாளத்துக்கு" என்றேன், ஆங்கிலத்தில்.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. எட்டு வருடம், ஒரு கடல், ஒரு முதுகலைப் பட்டம். வாக்கியத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை. நேரே உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, தன் மகனுக்கு மூச்சிரைப்பு என்றும், தெருவில் எந்தெந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அதே மூச்சிரைப்பு என்றும் கதவு எண்ணோடு சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் நான்கு கதவு எண் சொன்னார்.

மறுநாள் ஏழாம் அத்தியாயத்தில் இப்படி எழுதினேன்: பத்தொன்பது பேர் கையெழுத்திட்டனர். ஒருவர் கையெழுத்திட மறுத்தார். அவர் கூறியது பின்வருமாறு. கதவு எண்கள் அனைத்தையும் கீழே பட்டியலிட்டேன். பட்டியல் போடுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

டான் படித்துவிட்டு, "இதற்கு நம் படிவத்தில் இடம் இல்லையே" என்றார்.

"தெரியும்" என்றேன். "அதனால்தான் வெளியே எழுதியிருக்கிறேன்."

டான் அதைக் கடைசிப் பின்னிணைப்புக்கு மாற்றச் சொன்னார். பின்னிணைப்புகளை யாரும் படிப்பதில்லை. ஆனால் கிழித்தால் பக்க எண் இடிக்கும்.

8

இனிக் கையெழுத்து விஷயம்.

அன்புள்ள வரதராஜன் சார், நீங்கள் அனுப்பிய சான்றுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். புள்ளிக்கோடு புள்ளிக்கோடாகவே இருக்கிறது. நிதி கொடுக்கும் அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அதில் மூன்று செய்திகள். முதல் கட்டப் பதிவேட்டின் தலைப்பு, கையெழுத்துகள் வாங்கிய பிறகு ஒட்டப்பட்டது. ஒட்டியதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன். வரிசை எண் ஒன்று என்னுடையது, அதை வாபஸ் வாங்குகிறேன். மீதி எழுபத்திரண்டு பேரை அவர்கள் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். இதனால் என் உதவித்தொகையைத் திருப்பிக் கேட்பார்களோ என்று கணவர் கவலைப்படுகிறார். கேட்டால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

அந்தக் கடிதத்தின் நகலையும், என் பெயரில் நீங்கள் எழுதியிருந்த சான்றின் நகலையும், இருபத்தாறு வீடுகள் இருக்கும் இடத்தை வட்டமிட்ட இரண்டாம் கட்ட வரைபடத்தையும், ரோசம்மா, ஏரிக்கரைத் தெரு என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மன்னிப்பும் கேட்டு எழுதினேன். அதைக் கையால் எழுதினேன்.

மலருக்குக் கட்டுரை தாமதமானதன் காரணம் இதுதான். ஒப்புகை அட்டை திரும்பி வரக் காத்திருந்தேன். கட்டுரை நீளமாகிவிட்டது. பக்கம் போதாவிட்டால் பனியைப் பற்றிய பகுதியை வெட்டிவிடலாம்.

அட்டை நேற்று வந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே, அச்சடித்த வரிகளுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரின் பெரிய பெரிய எழுத்தில் இப்படி இருந்தது:

"கவர் வாங்கிக் கொண்டேன். வேறு எதற்கும் ஒத்துக் கொள்ளவில்லை."

அதற்குக் கீழே, முழுப் பெயரில், கையெழுத்து.